யார் பக்கமும் சாயாத ஐந்து பேர்

அன்று எங்கள் பாசோ டெல் செய்போ ஊர்க் கிளப்பின் மாடி அறையில் இருந்தவர்கள், உட்கார்ந்த வரிசைப்படி:

மேஜையின் தலைப்பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, தலைநகர் மொன்டேவிடேயோவிலிருந்து வந்திருந்த கருத்துக்கணிப்புக் கம்பெனிப் பெண் நோயலியா. முன்னால் ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு காசெட், கூர்சீவிய பென்சில்கள். அவளுக்கு வலது கைப் பக்கம் கசாப்புக்கடை வால்டர், அவருக்கு அடுத்து பால் லாரி ஓட்டும் மில்டன் லர்ரோசா. இடது கைப் பக்கம் ரொட்டிக்கடை ஸூல்மா, மடியில் துணி போட்டு மூடிய தட்டோடு. அவளுக்கு அடுத்து மருந்துக்கடை மாபெல் தெச்சேரா. அதாவது மாபெலும் மில்டனும் நேருக்கு நேர். இப்படி உட்காரவைத்தது நான் இல்லை. மாபெலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மேஜையின் கடைசியில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் டோன் எடிசன், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு. கதவோரம் ஸ்டூலில், கிளப் செயலாளர் என்ற முறையில், நான். காலடியில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தே இலைத் தேநீர்க் குடுவையும் அதில் உறிஞ்சு குழலும். ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்து, உறிஞ்சி முடித்ததும் வாங்கி, அடுத்தவருக்கு ஊற்றுவது என் வேலை.

கதவுக்கு வெளியே, மாடிப்படியில், பாதி ஊர். அவர்கள் கூட்டத்தில் சேர்த்தியில்லை. ஆனால் மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கியவர்களை எந்தச் சட்டத்தைக் காட்டி விரட்டுவது?

கம்பெனியிலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று இன்னும் தீர்மானிக்காத எட்டுப் பேர் வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்க வேண்டும். நாட்டு அரசியல், கட்சித் தலைமை, பொருளாதாரம் பற்றி இரண்டு மணி நேரம் பேச்சு; வந்து உட்கார்ந்தால் ஆளுக்கொரு நல்ல குடை. இரண்டாவது நிபந்தனையைப் படித்து நான் சிரித்தேன். முதல் நிபந்தனையைச் சத்தமாகப் படித்தபோது கிளப்பே சிரித்தது.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே கட்சி வந்துவிடும். ஒன்று லாடக் கட்சி, இல்லாவிட்டால் விளக்குக் கட்சி. முடிவெட்டுவதற்கே இரண்டு கடை. லாடக்காரன் விளக்குக்காரன் கடையில் போய்க் கழுத்தை நீட்ட மாட்டான். இந்த ஊரில் தீர்மானிக்காதவர் என்று சொல்ல ஒரே ஒரு ஆத்மா டோன் எடிசன்தான். ராணுவ ஆட்சி போய்த் தேர்தல் நாட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து அவர் யோசித்துக்கொண்டே இருக்கிறார். மற்றவர்களை நான் எப்படிப் பிடித்தேன் என்றால், ட்ரூகோ ஆடுபவர்களாகப் பார்த்துப் பிடித்தேன். எங்கள் சீட்டாட்டத்தில் கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பதுபோலவும், எல்லாம் இருப்பவன் அழப்போவதுபோலவும் உட்கார வேண்டும். கூட்டாளிக்குக் கண்ணாலும் உதட்டாலும் சைகை செய்யலாம். அது ஆட்டத்தின் மரியாதை. "ரெண்டு மணி நேரம் தீர்மானிக்காதவங்களா இருக்கணும், முடியுமா?" என்று கேட்டேன். "இதென்ன பெரிய விஷயம், ரெண்டு மணி நேரம் போப்பாண்டவரா இருக்கச் சொன்னாலும் இருப்பேன்" என்றார் வால்டர்.

எட்டுப் பேர் சொன்னேன், ஐந்து பேர்தான் எண்ணிக்கையில் வருகிறார்கள். மற்ற மூவர் வாசலிலேயே விழுந்தார்கள். ஒருவர் கோட்டில் லாடச் சின்னம் குத்தியிருந்தார். அது அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இன்னொருவர், நோயலியா கை குலுக்கிப் பெயர் கேட்டதும், பழக்க தோஷத்தில், "விளக்கு வாழ்க" என்றுவிட்டார். மூன்றாமவர் உள்ளே எட்டிப் பார்த்து, வால்டரைக் கண்டு, "இந்தாளு தீர்மானிக்காதவரா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே படி இறங்கி, அங்கேயே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

படியில் இருந்த கூட்டம் பொருளாதாரத்தைக் கேட்க வரவில்லை. மில்டனைக் கேட்க வந்தது.

மில்டன் லர்ரோசா போன வருஷம் வரை லாடக் கட்சியின் ஊர்க் கிளைத் தலைவன். பால் கேன்களோடு கட்சி ஒலிபெருக்கியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவான்; மாடுகளுக்குக்கூட கட்சிப் பாட்டு மனப்பாடம். மாபெலுக்கும் அவனுக்கும் நிச்சயம் செய்த அன்று, அவள் வீட்டுத் தோட்டத்தில் தணலில் கறி சுட்டு அசாடோ விருந்து போட்டிருந்தோம். வால்டர் மாபெலுக்குத் தாய்மாமா. கறி அவர் கடைக் கறி, கட்சி விளக்குக் கட்சி. விலைவாசிக்கு யார் காரணம் என்று மாமாவும் மாப்பிள்ளையும் ஆரம்பித்தார்கள். மேஜை இரண்டாகப் பிரிந்தது. கறியைத் திருப்பிப் போட வேண்டியவர்கள் எதிரெதிர்க் கட்சியாகப் போனதால் கறி கரிந்தது. மாபெல் மோதிரத்தைக் கழற்றிச் சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு வருஷம். உன் வாயில ஒரு வருஷம் கட்சிப் பேச்சு வரக்கூடாது. வரலைன்னா கல்யாணம். ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, என் தெருவுக்குப் பால்கூட வேண்டாம்."

அந்த ஒரு வருஷம் வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. இன்று வியாழக்கிழமை. அவன் இந்த நேரத்தில் அரசியல் கூட்டத்துக்கு வந்ததற்கு மாபெல்தான் காரணம். "குணமாயிட்டேன்னு சொல்றியே, எதிர்ல வந்து உக்காரு பாக்கலாம்" என்றாள். வந்து உட்கார்ந்தான். படியில், மில்டன் தாங்குவான் என்று பாதிப் பேரும் வெடிப்பான் என்று பாதிப் பேரும், தோற்பவர்கள் ஒரு முழு ஆட்டுக்குட்டியைச் சுட்டுப் போடுவதாகப் பந்தயம்.

நோயலியா காசெட்டை ஓடவிட்டாள்.

"இங்க சரியான பதில், தப்பான பதில்னு ஒண்ணும் கிடையாது. மனசுல பட்டதை அப்படியே சொன்னா போதும்."

வால்டர் ஸூல்மா பக்கம் சாய்ந்து, "அதுக்காகவா குடை தர்றாங்க?" என்றார்.

"முதல் கேள்வி. போன வருஷத்தைவிட நாட்டுப் பொருளாதாரம் இப்ப எப்படி இருக்கு?"

"ஒரு பக்கம் பாத்தா மோசம்" என்றார் வால்டர், நிதானமாக. "இன்னொரு பக்கம் பாத்தா பரவாயில்ல. நான் எந்தப் பக்கமும் நிக்கறதில்ல. நடுவுல நிக்கறேன். நடுவுல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல."

ஸூல்மா, ரொட்டி அடுப்புக்கு மேலே லாடக் கட்சித் தலைவர் செனட்டர் பின்டோஸின் படத்தை மாட்டி வைத்திருப்பவள், இன்று காலை அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்திருந்தாள். "மாவு வெலை ஏறிடுச்சும்மா. ஆனா ஏறுறதும் ஒரு வகையில வளர்ச்சிதானே? தோர்த்தா ஃப்ரிதா எடுத்துக்கோ, சூடு ஆறிடும்." மழை பெய்தால் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் மாவை வட்டமாகத் தட்டிப் பொரித்துவிடுவார்கள். தட்டு சுற்றி வந்தது.

"நீங்க, செனோர் லர்ரோசா?"

மில்டன் தொண்டையைச் செருமினான். படியில் எல்லாக் கழுத்தும் நீண்டது.

"பால் வெள்ளையாத்தான் இருக்கு" என்றான். "அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

படியில் ஒரு பாதி பெருமூச்சு விட்டது, மறுபாதி, "சபாஷ்டா!" என்றது. மாபெல் உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பை வைத்து, உடனே எடுத்துவிட்டாள்.

"டோன் எடிசன்?"

"யோசிக்கணும்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாத்தே கொடுக்கப் போன என் பக்கம் நோயலியா சாய்ந்து கிசுகிசுத்தாள். "செக்ரட்டரி சார், இவங்களை எங்கேருந்து பிடிச்சீங்க? எங்க ஊர்ல தீர்மானிக்காதவங்கன்னு சொல்லி வர்றவங்க பத்து நிமிஷத்துல சட்டையைக் கிழிச்சுக்குவாங்க. இவ்ளோ சுத்தமான நடுநிலையை நான் பாத்ததே இல்ல."

"தேடிப் பிடிச்சதுதான், செனோரிதா" என்றேன். அதில் பொய் இல்லை.

அதற்குள் வால்டர் மில்டனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார், வம்புக்கு இழுக்கும் சிமிட்டல். ஸூல்மா மில்டனைப் பார்த்துக் கீழுதட்டைக் கடித்தாள்: வாயைத் திறக்காதே. மில்டன் இரண்டு கன்னத்தையும் உப்பிக் காட்டினான்: அடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"உங்களுக்குக் கண்ணுல ஏதாவது தொந்தரவா?" என்றாள் நோயலியா.

"சின்ன வயசுலேருந்தே" என்றார் வால்டர்.

"இவருக்கு மட்டும் இல்லம்மா" என்றாள் ஸூல்மா. "எங்க ஊர்த் தண்ணி அப்படி."

நோயலியா பரிவோடு குறித்துக்கொண்டாள்.

அடுத்து அவள் ஒரு புது விளையாட்டை எடுத்தாள். தலைவர்களை நேரடியாகக் கேட்டால் ஜனங்கள் மழுப்புவார்களாம். அதனால் சுற்றி வளைத்துக் கேட்பார்களாம். "செனட்டர் பின்டோஸ் ஒரு மிருகமா இருந்தா, என்ன மிருகமா இருப்பாரு?"

இதைக் கேட்டதும் வால்டரின் முகத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. லாடக் கட்சித் தலைவரை மிருகம் என்று சொல்ல அவரைக் கேட்டுக்கொள்கிறார்கள், அதுவும் டேப்பில்!

"முலிதா" என்றார். "தெரியுமில்ல, ஓடு போட்ட பிராணி. சத்தம் கேட்டா வளைக்குள்ள போயிரும். வாலைப் பிடிச்சு இழுத்தாலும் வராது. நல்லதோ கெட்டதோ நான் சொல்லல, நான் நடு."

மில்டனின் காது சிவந்தது. காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. படியில், "வரப்போகுது, வரப்போகுது" என்று ஒரு குரல். மில்டன் தோர்த்தா ஃப்ரிதா ஒன்றை முழுசாக வாய்க்குள் தள்ளி, மென்று, விழுங்கி, சொன்னான்:

"நல்ல பிராணிதான். மண்ணைக் கிளறும். வயலுக்கு நல்லது."

"விளக்குக் கட்சித் தலைவி டாக்டர் சல்டிவியா?"

மில்டன் கண்ணை மூடினான். என் ஆயுளில் ஒரு மனிதன் ஒரு சொல்லை அத்தனை ஆழத்திலிருந்து இறைத்து மேலே கொண்டுவருவதை நான் பார்த்ததில்லை. "பசு" என்றான். "நல்ல கறவைப் பசு."

பால்காரன் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. படியில் கைதட்டல். ஆனால் வால்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "யாரைப்பா பசுங்கற? எங்க டாக்டரம்மாவையா?"

"எங்கன்னா?" என்றாள் நோயலியா.

வால்டர் அப்படியே அந்தரத்தில் நின்றார். "எங்கன்னா... எங்க எல்லாருக்கும் பொதுவான நாட்டு டாக்டரம்மா" என்று சொல்லி மெல்ல உட்கார்ந்தார். ஸூல்மா தட்டை மூடியிருந்த துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஜலதோஷம்" என்றேன் நான்.

அதுவரைக்கும் எல்லாம் ஆட்டமாகவே போய்க்கொண்டிருந்தது. மாபெல் மட்டும் அதிகம் பேசவில்லை. கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான்," "பாக்கணும்" என்று ஒற்றைச் சொல். நிச்சயத்தன்று கறி கரிந்த பிறகு அவள் வீட்டில் அரசியல் என்ற சொல்லே தீட்டு மாதிரிதான். அவள் மில்டனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், மருந்துக் கடையில் தராசைப் பார்ப்பதுபோல.

நோயலியா கடைசித் தாளை எடுத்தாள். "லாடக் கட்சி அக்டோபர்ல மாநாடு கூட்டித் தலைமையை முடிவு பண்ணப் போறாங்க. நான் ஒரு வாக்கியம் படிக்கிறேன். ஒத்துக்கறவங்க கை தூக்குங்க. 'செனட்டர் பின்டோஸுக்கு வயசாயிடுச்சு. அவர் ஜனங்களை விட்டுத் தூரமா போயிட்டாரு. தலைமையை விட்டு விலகணும்.'"

வால்டர் கையைத் தூக்கினார். பிறகு நடுநிலை ஞாபகம் வந்து பாதி இறக்கினார். ஸூல்மா இரண்டு கையையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மில்டனின் கை மேஜையிலிருந்து ஒரு சாண் எழுந்து, அங்கேயே நின்றது.

"பாத்தீங்களா, தம்பிக்கே தெரியுது" என்று வால்டர் உற்சாகமானார். பந்தயத்தில் அவர் எந்தப் பக்கம் என்பது சொல்லாமலே விளங்கும். "ஜனங்களை விட்டுத் தூரம்னா கொஞ்ச நஞ்சமா? ஆத்துல வெள்ளம் வந்தப்ப என்ன பண்ணாரு? வந்தாரு. காரை விட்டு இறங்கல. கண்ணாடியைக்கூட இறக்கல. அப்படியே திரும்பிட்டாரு. ஊரே பாத்துச்சு. இல்லையா மில்டன்? நீயும் பாத்தியே?"

ஊர் பார்த்தது வேறு. வெள்ளத்தில் பின்டோஸ் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்ததை ஊர் பார்த்தது. பால் லாரி சேற்றில் சிக்கியபோது, கோட்டைக் கழற்றி வீசிவிட்டு அவர் பின்னாலிருந்து தள்ளியதை ஊர் பார்த்தது. ஓட்டியவன் மில்டன்.

நான் மில்டன் கையில் மாத்தேயைக் கொடுத்தேன். அவன் குழலை வாயில் வைத்து உறிஞ்சினான். தண்ணீர் தீர்ந்து குடுவை கொரகொரவென்று குறட்டை விட்டது. அவன் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் கட்ட, காலிக் குடுவையை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். வாய் அடைபட்டிருக்கும் வரையில்தான் பிழைப்பு என்று அவனுக்குத் தெரியும்.

"மில்டன்" என்றாள் மாபெல். "ஏதாவது சொல்லு."

குழலை எடுத்தான். அவளைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். படியில் யாரோ, "ஞாயித்துக்கிழமைடா, ஞாயித்துக்கிழமை!" என்றார்கள்.

"எனக்கு..." என்றான். "எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற மாதிரி தெரியுது."

மாபெலின் நாற்காலி பின்னால் போய் விழுந்தது.

"ரெண்டு பக்கமா? எந்த ரெண்டு பக்கம்? லாரிக்கு முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு! பின்னால நின்னு தள்ளினது பின்டோஸ், முன்னால ஸ்டீரிங்ல நீ, உள்ள எங்கம்மா! மாமா, உங்களுக்கு வெக்கமா இல்ல? அந்த லாரியில கேன்களுக்கு நடுவுல போர்வை போத்திக்கிட்டு உக்காந்திருந்தது உங்க சொந்தத் தங்கச்சி! அந்தாளு பேன்ட் நெறைய சேறு, எங்க கடையிலதான் பாதத்துக்குக் கட்டுப் போட்டேன், நான் போட்டேன், இந்தக் கையால!"

"அம்மாடி, நான் நடுநிலையா..." என்றார் வால்டர்.

"நடுநிலை! கறி விக்கறவரு நடுநிலை பேசறாரு. டாலரை உங்க டாக்டரம்மா ஏறவிட்டப்ப ஏத்துமதி கறிக்கு நல்ல வெலை கிடைச்சுதுன்னு சிரிச்சீங்களே, அதே டாலர்ல எங்க கடைக்கு வர்ற மாத்திரை என்ன வெலை ஆச்சு தெரியுமா? பாதிப் பேரு சீட்டைக் காட்டி வெலை கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்க. பின்டோஸ் மட்டும் ஒழுங்கா? ஓய்வூதியத்துல கை வெக்கப் பாத்தாரு, அதுக்கு அவரைத் திட்டணும், நானே திட்டுவேன். ஆனா தலைமையிலேருந்து விலகணுமாம்! அவருக்குப் பின்னால யாரு இருக்கா? பதவிக்கு வரிசையில நிக்கற அந்த மூணு பேரையும் ஒரு தராசுல போட்டா ஒரு ஆஸ்பிரின் எடைக்கு வர மாட்டாங்க!"

விளக்குக் கட்சி வீட்டுப் பெண். அரசியல் வேண்டாம் என்று மோதிரத்தைக் கழற்றியவள். நோயலியா ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கையால் இரண்டாவது காசெட்டை மாற்றிப் போட்டாள். படியிலிருந்தவர்கள் படியிலிருப்பதாகப் பாவனை செய்வதை விட்டுவிட்டுக் கதவை முழுசாகத் திறந்துகொண்டு நின்றார்கள்.

"மாபெல்" என்றான் மில்டன், வாய் பிளந்து. "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? உன்னாலதான்! ஒரு வருஷமா சாயங்காலம் வர்ற. மழை வரும்போல இருக்கு. மழை வரலை. பால் வத்திடுச்சு. பால் பெருகிடுச்சு. மாட்டு மடிக்கு வர்ற வியாதி அத்தனையும் எனக்கு மனப்பாடம்! நீ போனதுக்கப்புறம் கை நமநமன்னு இருக்கும், சண்டை போட ஆளில்லாம. கடையில பேப்பரை எடுத்து முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பேன். பொருளாதாரப் பக்கத்தைக்கூட! அதைப் படிச்சுட்டு யார்கிட்ட பேசறது? இருமல் மருந்து வாங்க வந்தவங்ககிட்டயா?"

"நீதானே பேசக்கூடாதுன்ன?"

"உன்னை யாரு அவ்ளோ நல்லா கேக்கச் சொன்னா?"

நான் ஃபிளாஸ்க்கை மூடி வைத்தேன். இனிமேல் யாரும் மாத்தே குடிக்கப்போவதில்லை.

"அப்ப நான் பேசலாமா?" என்றான் மில்டன். குரல் கொஞ்சம் கீச்சென்றது.

"ஞாயித்துக்கிழமை வரை..." என்று ஆரம்பித்தாள் ஸூல்மா, பந்தய நினைவில்.

"பேசு!" என்றாள் மாபெல். "இப்பவே பேசு. அந்தக் காலிக் குடுவையைக் கீழ வெச்சுட்டு மனுஷனா பேசு."

மில்டன் எழுந்தான். ஒரு வருஷத்துப் பேச்சு அவன் நெஞ்சில் அணைபோல நின்றது. எல்லாரும் என்ன எதிர்பார்த்தோம் என்றால், பின்டோஸ் வாழ்க, லாடம் வாழ்க. ஸூல்மா துணியை இறக்கிவிட்டுக் கைதட்டத் தயாராகவே இருந்தாள்.

"கிழவர் விலகணும்" என்றான் மில்டன்.

"என்னது?" மாபெலும் வால்டரும் ஒரே குரலில்.

"நான் பாதிக் கையை நடிப்புக்காகத் தூக்கல. மீதிப் பாதியைத்தான் பயத்துல தூக்கல. அவர் லாரியைத் தள்ளினாரு, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். தள்ளினவரு இப்ப ஸ்டீரிங்கை விடமாட்டேங்கறாரு. ஒரு வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன் இல்ல, பால் ஊத்தற வீடு ஒவ்வொண்ணுலயும் ஜனங்க பேசறது அப்பத்தான் என் காதுல விழுந்துச்சு. முன்னெல்லாம் ஒலிபெருக்கி கத்திட்டே இருக்கும், நான் எங்க கேட்டேன்? டீசல் வெலை ஏறினப்ப நம்ம கட்சி எம்.பி. ஒருத்தன் வாயத் திறந்தானா? கிழவர் திறக்க விடல. எனக்கு அவர்மேல பிரியம். ஆனா போகணும்."

"போகணுமா! போய் அந்த இடத்துல ஆஸ்பிரினா?"

"ஆஸ்பிரினாவது தலைவலிக்குக் கேக்கும்!"

"உனக்கு வரப்போற தலைவலிக்கு அது பத்தாது!"

அவர்கள் மேஜைக்கு இரு பக்கமும் நின்று, கையை ஊன்றி, மூக்கு மூக்கில் இடிக்கிற தூரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முகமும் விளக்கு ஏற்றினாற்போல. வால்டருக்குத்தான் பாவம், ஒன்றும் புரியவில்லை. ஒரு லாடக்காரன் சொன்னதற்குத் தன் தலை தானாக ஆடுவதைக் கண்டுபிடித்து, கையால் தலையைப் பிடித்து நிறுத்தினார். ஸூல்மா, "மில்டன், நீ சின்னதுலேருந்து என் கடை லாட ரொட்டி தின்னுதானே வளர்ந்த" என்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். படியில் பந்தயம் கட்டியவர்கள், வெடித்தது மாபெல் என்பதால் யார் ஜெயித்தது என்று தங்களுக்குள் தனியாக ஒரு சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.

"பொருளாதாரம்" என்று கண்ணைத் திறந்தார் டோன் எடிசன். "மோசம்னுதான் நெனைக்கறேன்."

யாரும் கேட்கவில்லை. நோயலியா மட்டும் குறித்துக்கொண்டாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு மேஜையைத் தட்டினாள்.

"ஒரு நிமிஷம். தயவுபண்ணி ஒரு நிமிஷம். உங்கள்ல நிஜமாவே தீர்மானிக்காதவங்க யாரு?"

டோன் எடிசன் கையைத் தூக்கினார். கொஞ்சம் யோசித்து இறக்கினார்.

நோயலியா என்னைப் பார்த்தாள். நான் காலடியில் இருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன். அவள் கோபப்படுவாள் என்று எண்ணினேன். அவளோ நாற்காலியில் சாய்ந்து, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி சிரித்தாள். "முதல் காசெட்டைத் தூக்கிப் போட்டுடறேன். கண் வியாதியோட சேத்து. ரெண்டாவதை என் மேலதிகாரிகிட்ட போட்டுக் காட்டுவேன். இந்த வேலைக்கு வந்ததுலேருந்து தன் மனசுல இருக்கறதை இவ்ளோ சத்தமா யாரும் சொல்லிக் கேட்டதில்ல."

அப்போதுதான் மில்டனுக்கு உறைத்தது. அவன் முகம் வெளுத்தது. "மாபெல், நான் பேசிட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே பேசிட்டேன்."

படியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். மழைகூட அடங்கியதுபோல எனக்குப் பட்டது. அது மட்டும் என் கற்பனையாக இருக்கலாம்.

"பேசின" என்றாள் மாபெல். "உளறின. கிழவர் விலகணும்னு உளறின. இதுக்கு நான் உனக்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு வருஷம் பத்தாது. சாயங்காலம் வந்து போற நேரத்துல முடியற பேச்சா இது? ஒரே வீட்ல இருந்தாத்தான் ஆகும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "செக்ரட்டரி, உங்க கையெழுத்து நல்லாயிருக்கும். ரெஜிஸ்டர் கல்யாணத்துக்கு நீதிபதிக்கு எழுதணும். இப்பவே எழுதுங்க, இந்தாளு மறுபடி தீர்மானிக்காதவன் ஆகறதுக்குள்ள."

படி இடிந்து விழாதது கிளப் கட்டியவர்களின் புண்ணியம்.

எங்கள் ஊரில் பதிவு அலுவலகம் இல்லை. கல்யாணத்தைப் பதிவு செய்துவைக்கும் நீதிபதி பக்கத்து ஊரில். மாலைப் பஸ் தபாலை எடுத்துப் போகும். நோயலியா போகவேண்டிய பஸ்ஸும் அதுதான். நான் கிளப் தாளை எடுத்தேன். தேதி என்ன என்று கேட்டதும் அடுத்த போர்.

"நவம்பர்ல தேர்தல் முடியட்டும்" என்றான் மில்டன். "மனசு நிம்மதியா இருக்கும்."

"தேர்தலுக்கு முன்னாடிதான்" என்றாள் மாபெல். "தோத்தவன் கல்யாண போட்டோவுல எப்படி நிப்பான்னு எனக்குத் தெரியும்."

"யாரு தோக்கப் போறா?"

"அக்டோபர்ல மாநாடு வேற இருக்கே" என்றாள் ஸூல்மா. "அந்த வாரம் எனக்கு ரொட்டி ஆர்டர்."

"எங்க ஊர்வலம் கடைசி வாரம்" என்றார் வால்டர், நடுநிலையைக் கழற்றி வைத்துவிட்டு. "தாய்மாமா இல்லாம கல்யாணமா?"

கடைசியில் நோயலியாதான் தன் தொழிலைக் காட்டினாள். ஒவ்வொரு சனிக்கிழமையாகப் படித்தாள். கை தூக்கச் சொன்னாள். படியில் இருந்தவர்களையும் எண்ணினாள். அக்டோபர் முதல் சனிக்கிழமைக்குத் தெளிவான பெரும்பான்மை. எதிர்த்தவர் இல்லை. தீர்மானிக்காதவர் ஒருவர்.

கடிதத்தை முறைப்படி எழுதினேன். மாட்சிமைமிக்க நீதிபதி அவர்களுக்கு என்று தொடங்கி, இருவரின் முழுப் பெயர், பெற்றோர் பெயர், தொழில், கேட்கிற தேதி. மில்டன் கையெழுத்துப் போட்டான். அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்தது. மாபெல் அவன் தோளுக்கு மேலாகப் படித்துப் பார்த்து, "ஒரு வாக்கியத்தை மாத்தணும்" என்றாள். "'இருவரும் ஒருமனதாக'ன்னு எழுதியிருக்கீங்க. அதை அடிச்சுடுங்க. நீதிபதிகிட்டப் பொய் சொல்லக்கூடாது."

அடித்துவிட்டு, 'இருவரும் பெரும்பான்மைப்படி' என்று எழுதினேன். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. நோயலியா ரெக்கார்டரைப் பைக்குள் திணித்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். மாபெல் உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து மடித்தாள்; மில்டன் மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் குத்தி ஒட்டினான். நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஓடினேன். பின்னால் படி முழுக்க ஜனம். டிரைவர் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக் கையை நீட்டினார், உறையை வாங்கிக் கண்ணாடிக்கு மேலே செருகினார், விளக்கைப் போட்டார், கிளம்பிப் போனார்.